நீலமான முதல் வரி

திரையில் வந்த செய்தியை டைப்பிஸ்டம்மா மூன்று முறை படித்தாள். எத்தனை முறை படித்தாலும் எண் குறைவதாக இல்லை.

'38,412 வரிகள் அழிக்கப்பட்டன.'

அழிக்கச் சொன்னது ஒரே ஒரு வரியை. பதினேழாம் எண் நோயாளி, பயிற்சிக்காக உருவாக்கிய பொய் ஆள். டேட்டாபேஸுக்குக் கொடுக்க வேண்டிய கட்டளையும் இரண்டே வரிதான். 'இந்தப் பட்டியலிலிருந்து அழி' என்பது முதல் வரி. 'எண் பதினேழை மட்டும்' என்பது இரண்டாவது. அவசரத்தில் மவுஸை இழுத்ததில் முதல் வரி மட்டும் நீலமாகியிருந்தது. நீலமானதை மட்டும்தான் கம்ப்யூட்டர் செய்யும். செய்துவிட்டது.

மூன்று வாரமாக வகுப்பில் பழகிய பட்டியலில் மொத்தமே நாற்பது வரிதான். முப்பத்தெட்டாயிரம் என்றால் அது ஆஸ்பத்திரியின் அசல் பட்டியல். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும் பட்டியல். கீழ் மாடியில் இந்த நிமிஷமே யாரோ ஒரு டாக்டர் அதைத் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லையே என்று ஊசியைக் கையில் எடுத்திருப்பார்.

பாடம் நடத்துகிறவர் அவளுக்கு மகன் வயதுக்காரர். வாய் மட்டும் மாமியார் வாய். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். பூட்டாதவர்களை எல்லார் எதிரிலும் நிற்கவைத்துக் கிழிகிழியென்று கிழிப்பார். அதனால் அவருக்கு 'பூட்டு சார்' என்றே பெயர். அசல் பட்டியலில் கை வைத்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

பக்கத்து நாற்காலி நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்தாள். பிறகு காதோடு சொன்னாள்.

"மூடிடுங்கக்கா. யாரும் பார்க்கல."

டைப்பிஸ்டம்மாவின் விரல் மவுஸ் வரைக்கும் போய்விட்டது. அவள் வேலை பார்க்கும் டைப்பிங் பிரிவையே மூடப்போகிறார்கள். இந்த வகுப்பில் தேறினால்தான் இனி வேலை.

ஆனால் அவள் வீட்டில் ஏற்கெனவே ஒரு கதை இருந்தது. அவள் கணவரும் இதே ஆஸ்பத்திரியில், பதிவுப் பிரிவில் இருந்தவர்தான். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் ஒரு வார்டின் விவரம் மொத்தமும் காணாமல் போனது. அழித்தது அவருடைய லாகின். நான் தொடவே இல்லை என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். யாரும் நம்பவில்லை, அவள் உட்பட. வேலை போனது. ஒத்துக்கொண்டிருந்தால் மன்னித்திருப்பார்களே என்று ஆறு வருஷமாகச் சோற்றோடு சேர்த்து அதையும் அவருக்குப் பரிமாறி வந்தாள். மனுஷர் இப்போது ஒரு துணிக்கடை வாசலில் பில்லுக்கு முத்திரை குத்துகிறார்.

அவரைப் போல நாமும் இல்லை என்று சாதிக்கக் கூடாது. அவள் எழுந்தாள். அந்தப் பயத்திலும் திரையைப் பூட்ட மறக்கவில்லை.

"சார், அசல் பட்டியலை அழிச்சிட்டேன். கீழ டாக்டருங்களுக்கு உடனே போன் பண்ணுங்க."

பூட்டு சார் எழுந்து வந்து அவள் திரையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கத்தவில்லை. எல்லாரையும் பத்து நிமிஷம் வெளியே போகச் சொன்னார். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அசலுக்கு இந்த ரூம்லேருந்து வழியே கிடையாதும்மா. இது நகல். பயம் இருந்தாத்தான் கை நிதானிக்கும்னு நேத்து முழுசா ஏத்தி வெச்சேன்."

அவள் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரும் பார்க்கலயே. ஏன் வந்து சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஆறு வருஷம் முன்னாடி பதிவுப் பிரிவுல எங்க வீட்டுக்காரர் ஒரு வார்டையே அழிச்சிட்டு, இல்லைன்னு நின்னார் சார். நானும் அப்படி நிக்க வேணாம்னு தோணிச்சு."

எப்போதும் நிமிர்ந்து நிற்கிற பூட்டு சார் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவர் செய்யலம்மா. அன்னைக்குத் திரையைப் பூட்டாம சாப்பிடப் போயிட்டார். அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தன், பழகிப் பார்க்கலாம்னு அவர் நாற்காலில உட்கார்ந்தான். உங்களை மாதிரியே முதல் வரியை மட்டும் நீலமாக்கினான். யாரும் பார்க்கல. மூடிட்டு எழுந்து போயிட்டான்."

யார் அந்த ஆள் என்று அவள் கேட்கவில்லை. அவர் முகத்திலேயே இருந்தது.

"வாங்கம்மா, மேனேஜர்கிட்ட போவோம். உங்க முன்னாடியே ஒத்துக்கறேன்."

டைப்பிஸ்டம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நீங்க போங்க சார். நான் துணிக்கடைக்குப் போகணும். ஒத்துக்க வேண்டியது எனக்கும் ஒண்ணு இருக்கு."