சீமைச் சம்பிரதாயம்

"டாக்டரே, ஒடனே வரணும். ஷீலாவுக்கு வயத்து வலி. துடிக்கறா!"

கரமனை அக்ரகாரத்திலிருந்து சாம்பசிவன் மூச்சிரைக்க ஓடி வந்து நின்றான். டாக்டர் ஞானையன் பையைத் தூக்கினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, கல்யாணத்துக்குக் கட்டின டையையும் தேடியெடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பின்னே? வெள்ளைக்காரிக்கு வைத்தியம் பார்க்கிற யோகம் எல்லாருக்குமா வாய்க்கும்?

சாம்பசிவனின் பெண்டாட்டி ஷீலா லண்டனிலிருந்து முதல் தடவையாகப் புருஷன் வீட்டுக்கு வந்திருக்கிறாள். பேரைக் கேட்டு யாரோ மலையாளத்துப் பெண் என்றுதான் மாமியார் அனந்தலக்ஷ்மி நினைத்திருந்தாள். ப்ளேனை விட்டு இறங்கினது அசல் வெள்ளைக்காரி. தெருவே வாயைப் பிளந்தது.

அந்தத் தெருவில் பாதி இப்போது ஜன்னலுக்கு வெளியே நின்றது. கூடத்துக் கட்டிலில் ஷீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

டாக்டர் டையைச் சரிசெய்துகொண்டு, தன் நல்ல இங்கிலீஷில் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டுக் குனிந்தார். அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். இங்கிலீஷில் கடகடவென்று என்னவோ பொரிந்து தள்ளினாள். அந்த வேகத்தில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடாமல் டாக்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என்னடா சொல்றா?" அடுக்களை வாசலிலிருந்து அனந்தலக்ஷ்மி கேட்டாள்.

சாம்பசிவன் தலையைச் சொறிந்தான். "அவ ஊர்ல ஒரு சம்பிரதாயமாம் அம்மா. டாக்டர் வீட்டுக்கு வந்தா மொதல்ல வீட்டுக்குப் பெரியவாளைத்தான் தொட்டுப் பாக்கணுமாம். அப்பறந்தான் சின்னவா. இல்லாட்டா மருந்து பலிக்காதாம்."

சம்பிரதாயமாவது மண்ணாங்கட்டியாவது! டாக்டருக்குப் புரிந்துவிட்டது. என் கையில் நம்பிக்கையில்லை. மாமியாரை வைத்து வெள்ளோட்டம் பார்க்கிறாள் மகராசி! என்ன திமிர்!

அதைவிடச் சங்கடம், அனந்தலக்ஷ்மியை அவர் எப்படித் தொடுவது? இத்தனை வருஷத்தில் அந்தம்மாள் கையை நீட்டினதே இல்லை. அடுக்களை வாசலைத் தாண்டாமல், "தலை சுத்தறது டாக்டரே, மருந்து குடுத்தனுப்புங்கோ" என்பாள். "கையைத் தாருங்க, பிரஷர் பார்க்கணும்" என்றால், "ஐயையோ, நான் மடியாக்கும்!" என்று உள்ளே போய்விடுவாள். போன மாசம் ஆற்றுப் படித்துறையில் மயங்கி விழுந்தபோதும் அதே பல்லவிதான். இந்தப் பிடிவாதம் ஒருநாள் அந்தம்மாளைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டருக்கு உள்ளூர பயம்.

"நன்னாயிருக்கே! மடியா நிக்கறவளைத் தொடறதாவது?" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"ஓ... அம்மா!" என்று கட்டிலில் ஷீலா புழுவாய் நெளிந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற சுப்புலக்ஷ்மி மாமிக்குப் பொறுக்கவில்லை. "பாவம், பொண்ணு துடிக்கறாளே அனந்தம்! அவாவா சம்பிரதாயம் அவாவாளுக்கு. நம்மளோடதை நாம விட்டுக்கொடுக்கறோமா?"

அனந்தலக்ஷ்மி மருமகளைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "சம்பிரதாயம்னு சொல்லிட்டா மீறப்படாதுதான்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே மணையைப் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். "இவளுக்காகத்தான், கேட்டேளா? அப்பறம் நான் குளிச்சுப்பேன்."

டாக்டர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏறிற்று, ஏறிற்று, இறங்குகிற வழியைக் காணோம். நம்ப மாட்டாமல் இன்னொரு தடவை பார்த்தார். அவர் நெற்றி வியர்த்துவிட்டது.

"அம்மா, இது லேசுப்பட்டதில்லை. தினம் மாத்திரை சாப்பிடணும். வாராவாரம் நான் வந்து பார்க்கணும். உப்பைக் குறைக்கணும்."

"கடுமாங்கா ஊறுகா?"

"கண்ணாலகூடப் பார்க்கப்படாது."

அனந்தலக்ஷ்மி முணுமுணுத்துக்கொண்டே கிணற்றடிக்குப் போனாள். வேடிக்கை முடிந்ததென்று ஜன்னலும் காலியாயிற்று. டாக்டர் கட்டில் பக்கம் திரும்பினார். ஷீலா சம்மணம் போட்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வலி?"

"அவளுக்கு ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றான் சாம்பசிவன். "அங்கே இவ நர்ஸு. வந்த அன்னிக்கே அம்மாவோட கால் வீக்கத்தையும் சுவரைப் பிடிச்சுண்டு நடக்கறதையும் பாத்துட்டு, ஒடனே டாக்டர் பாக்கணும்னா. அம்மாகிட்ட வைத்தியம்னா நடக்காது, சம்பிரதாயம்னாதான் நடக்கும். அதனால ஒண்ணு உண்டாக்கினோம்."

டாக்டருக்கு வெட்கமாகப் போயிற்று. இந்தப் பெண்ணையா திமிர் பிடித்தவள் என்று நினைத்தோம்! டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, ஷீலாவுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"டாக்டரே, ஒரு நிமிஷம்."

பக்கத்துச் சந்தில், ஈரத்தலையோடு அனந்தலக்ஷ்மி நின்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அடுத்த வாரம் வருவேள்தானே?"

"வரேன். ஆனா உங்க மருமக ஊருக்குப் போயிட்டா, அப்பறம் என்ன சொல்லிக் கையைத் தருவிய?"

"மருமக கொண்டுவந்த சம்பிரதாயத்தை மாமியார் விடப்படாதுன்னு தெருவுல சொல்லிக்கறேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். ஷீலாவின் வலி வெறும் நடிப்பென்று சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினார்.

"சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும்" என்றாள் அனந்தலக்ஷ்மி. "கார்த்தாலே அடுக்களையில ஒளிஞ்சுண்டு தட்டு நிறையத் தோசை தின்னவளுக்கு வயத்து வலியாம்! படித்துறையில விழுந்ததுலேர்ந்து எனக்கும் பயம்தான் டாக்டரே. இத்தனை வருஷம் மடி மடின்னுட்டு, இந்தத் தெரு பாக்கக் கையை நீட்ட எனக்கும் ஒரு சம்பிரதாயம் வேண்டாமா?"