மூன்று நாளாகச் சத்தமில்லை

"சுப்! முறுக்கு, சுப்!"

குக்கர் இரண்டாவது விசில் அடித்ததும் நாய்க்குட்டி முறுக்கு குரைக்க வாயைத் திறந்தது. சுபாஸ்ரீ ரொட்டித் துண்டை நீட்டினாள். குட்டி வாயை மூடிக்கொண்டு ரொட்டியை வாங்கிக்கொண்டது.

'சுப்' என்றால் வாயை மூடு; யூடியூப் மாஸ்டர் இந்தியில் சொல்லிக்கொடுத்த வித்தை. நாய்க்கு எந்த பாஷையாக இருந்தால் என்ன, ரொட்டி வந்தால் சரி!

"பாபம் அம்மா!" என்றாள் மகள் சாஹித்யா.

"பாவம் பார்த்தா நாம தெருவுலதான் நிக்கணும். நீ பத்தாவது பரீட்சை எழுதற நேரத்துல வீடு தேடி அலைய என்னால ஆகாதுடி."

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. தெலுங்கும் உருதும் கலந்து பேசும் ஹப்சிகுடாவில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த அன்றே, கீழே இருக்கும் வீட்டுக்காரர் ஸ்டான்லி அங்கிள் விரலை நீட்டிச் சொல்லிவிட்டார். "நாய் மட்டும் நக்கோ, வேண்டவே வேண்டாம். பார்த்தேன்னா மறுநாளே காலி பண்ணணும்." பின்னால் நின்ற அவர் மனைவி பியூலா ஆன்ட்டி ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டினார்.

பத்தே நாளில், மழையில் நனைந்த குட்டியைச் சாஹித்யா ஸ்கூல் பையில் போட்டுத் தூக்கி வந்தாள். விரட்ட மனசு வரவில்லை. அன்று பிடித்த நடுக்கம் இன்னும் விடவில்லை.

இவ்வளவு சட்டம் பேசுகிற மனுஷர் ஒழுங்கா என்றால், அதுதான் இல்லை. அவர் டிவியை வைத்தால் மாடித் தரை அதிரும். காலை, மத்தியானம் என்ற கணக்கே கிடையாது. படிக்க உட்கார்ந்த பெண் காதைப் பொத்திக்கொள்வாள்.

"செவிட்டுக் கிழம்! சட்டமெல்லாம் ஊருக்குத்தான்" என்று சுபாஸ்ரீ பல்லைக் கடிப்பாள். போய்க் கேட்கத்தான் முடியாது. மடியில் கனமாயிற்றே!

ஒருவழியாக முறுக்குக்குப் பாடம் ஏறிவிட்டது. மூன்று நாளாக ஒரு குரைப்பு இல்லை.

அதிசயமாக, அந்த மூன்று நாளும் கீழ்வீட்டு டிவியும் மூச்சு விடவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? சுபாஸ்ரீயால் முடியவில்லை. டிவியை அணைத்துவிட்டு என்ன செய்கிறார்? மேலே என்ன சத்தம் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா?

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"அம்மா, அங்கிள்!"

"குட்டியைத் தூக்கி பாத்ரூமுக்குள்ள விடு! ஓடு!"

கதவைத் திறந்தாள். ஸ்டான்லி அங்கிள் விடுவிடுவென்று உள்ளே வந்தார். மேஜைக்கு அடியில் குட்டியின் தண்ணீர்க் கிண்ணம்! எடுக்க மறந்துபோயிருந்தாள். அவர் பார்வை நேராக அதில்தான் விழுந்தது.

"டீ... டீ போடட்டுமா அங்கிள்?"

"நக்கோம்மா. எங்கே அது?"

"எது அங்கிள்?"

"கைக்கும்மா, எதுக்கும்மா பொய் சொல்றே?"

படிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"அங்கிள், பரீட்சை முடியற வரைக்கும் பொறுத்துக்குங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்..."

அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். காலி பண்ணச் சொல்லிக் கடிதமே எழுதிக் கொண்டுவந்துவிட்டார் என்றே நினைத்தாள்.

வெளியே வந்தது டிவி ரிமோட்.

"நாய் கூடாதுன்னு சட்டம் போட்டவ பியூலாதாம்மா. குட்டி குரைக்கிறது அவ காதுல விழக்கூடாதேன்னு, இதைப் பையிலயே வெச்சுக்கிட்டு ரெண்டு மாசமா செவிடன் வேஷம் போடறேன். மூணு நாளா அதோட சத்தத்தையே காணோம்." அவர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "குட்டிக்கு என்னம்மா ஆச்சு?"