பன்னிரண்டில் ஒன்று

என் கையில் நான் முதன்முதலாக ஊதிய கண்ணாடி உருண்டை. பதினெட்டு வருடமாக ஆண்கள் ஊதியதற்கு வெள்ளி பூசியவள் நான். எங்கள் ஊர் லவுஷாவில் நேர்த்தியான உருண்டைகள் விற்பனைப் பெட்டிக்கு, கோணியவை வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்துக்கு. “அண்ணி, உருளைக்கிழங்கு ஜோரா வந்திருக்கு. நம்ம மரத்துக்குத்தான்,” என்கிறான் கொழுந்தன் ஏகோன். ஊதிய காம்பின் வழியே வெள்ளிக் கரைசலை உள்ளே ஊற்றி வெந்நீரில் குலுக்குகிறேன். பழுப்புக் கலங்கலுக்குள்ளிருந்து சட்டென்று ஒளி பரவி, உருண்டை முழுவதும் பளபளக்கிறது. அதில் சின்னதாய் என் முகம். கணவர் லோதார் அதை வாங்கி, ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிறகு காம்பை அறுத்து, விற்பனைப் பெட்டியில் காலியாக இருந்த கடைசிக் குழியில் வைக்கிறார். பெட்டியை மேசைமேல் இரண்டு சுற்றுச் சுழற்றி ஏகோனிடம் தள்ளுகிறார். “எதுடா உங்க அண்ணி ஊதினது? காட்டு பாப்போம்.” ஏகோனின் விரல் பன்னிரண்டு உருண்டைகளின் மேலும் அலைகிறது. எதிலும் இறங்க முடியாமல் அந்தரத்தில் நிற்கிறது.