வயிற்றுப்புண் என்று பெயர்

“அக்கா, புற்றுநோய்ங்கிற சொல் அப்பா காதுல விழவே கூடாது. வயித்துப்புண்ணுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

மருத்துவமனையின் வெந்நீர்க் குழாயடியில் குடுவையைப் பிடித்தபடி ஷூயுன் கிசுகிசுத்தாள். சீனாவின் செங்து நகரில் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவர் அவள் தந்தை. அவருடைய அண்ணன், தமக்கு வந்த நோயின் பெயரைக் கேட்ட அன்றே உணவை ஒதுக்கிப் படுத்தவர். பிறகு எழவே இல்லை.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி மின்லான் சிரித்தாள். “வாசல்லயே புற்றுநோய்ப் பிரிவுன்னு பெருசா எழுதியிருக்கே?”

“வயித்து வார்டுக்கு வெள்ளையடிக்கிறாங்க, அதான் இங்க இடம் கொடுத்தாங்கன்னு சொல்லிட்டேன்.”

“கெட்டிக்காரிதான். டாக்டர் என்ன சொன்னாரு?”

“ரெண்டாம் ஸ்டேஜாம். நாளைக்கு முதல் கீமோ. எனக்கு ஒண்ணும் விளங்கலை.”

“ஸ்டேஜ்னா, வண்டி கிளம்பின இடத்துலேருந்து எவ்வளவு தூரம் போயிருக்குங்கிறது. ரெண்டுன்னா இன்னும் ஊர் எல்லைக்குள்ளதான் நிக்குது. நாலுன்னாத்தான் வெளியூர், ஈரல், நுரையீரல்னு போயிட்டதா அர்த்தம்.”

ஷூயுனின் கண்கள் விரிந்தன. “அப்ப பரவலையா?”

“தூரமாப் போகலை. கிரேடுன்னும் சொல்லியிருப்பாங்களே, அது வேற. வண்டி எவ்வளவு முரட்டுத்தனமா ஓடுதுங்கிறது.”

“கீமோ எதுக்கு?”

“கட்டியை முதல்ல சுருக்கறதுக்கு. நெரிசல் குறைஞ்சாத்தானே பழுதான வண்டியை இழுத்து வெளியே போட முடியும்? அப்புறம் ஆபரேஷன். முடி கொட்டலாம், திரும்ப முளைக்கும்.”

“அப்ப... குணமாகலாமா அக்கா?”

“வாய்ப்பு இருக்கு. அதுக்குத்தானே இத்தனை பாடு?”

குடுவை நிரம்பி வழிந்து விரலைச் சுட்டதுகூட ஷூயுனுக்கு உறைக்கவில்லை. ஓடிப்போய் யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்லவேண்டியவரிடமோ சொல்ல வழியில்லை.

“எல்லாத்தையும் வண்டியை வச்சே விளக்கறீங்களே, உங்க வீட்டுக்காரரும் பஸ் ஓட்டறவரா?”

“அவரு தையல்காரர்.” மின்லான் தன் குடுவையின் மூடியை நிதானமாகத் திருகினாள். “வந்த அன்னைக்கே வாசல் போர்டைப் படிச்சுட்டு, டாக்டரைப் பிடிச்சு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டது உங்கப்பாதான். ‘எம் பொண்ணு தனியாக் கிடந்து பயப்படறா, நான் வாயைத் திறந்தா அழுதுடுவா, நீ சொல்லு’ன்னு அனுப்பினாரு. சீக்கிரம் வா, ரெண்டாவது கிண்ணக் கஞ்சிக்குக் காத்துக்கிட்டிருக்காரு.”