குழல்வாய்மொழியின் ஒப்புதல்

“ஒவ்வொரு லோடும் இந்த ஒரு இடத்துல ரெண்டு மணி நேரம் நிக்குதே, ஏன்?” என்று புதிதாக வந்த மேலாளர் நிவேதா கணினித் திரையைக் காட்டிக் கேட்டாள்.

தென்காசியில் இருந்த அந்த எலுமிச்சை நிறுவனத்தில் ஆர்டர், தரச் சோதனை, லாரி என்று தனித்தனியாகக் கிடந்த மென்பொருள்களை ஒரே வரிசையில் இணைத்தவர் கோமதிநாயகம். ஒரு படி முடிந்தால் அடுத்தது தானாக ஓடும்.

“தரத்துக்குக் குழல்வாய்மொழி ஓகே சொல்லணும் மேடம். ரெண்டு மணி நேரத்துல சொல்லலைன்னா அதுவே அடுத்ததுக்குப் போயிரும்.”

“அவங்க எதுக்குமே சொன்ன மாதிரி தெரியலையே? பழத்தைப் புளியங்குடியிலயே பார்த்துத்தான் ஏத்துதாங்க. வெயில்ல வதங்குது. அந்தப் படியை எடுத்துருங்க.”

“அது மட்டும் இருந்துட்டுப் போவட்டும் மேடம்.”

நிவேதாவுக்குக் கோபம் வந்தது. திரையில் இருந்த குழல்வாய்மொழியின் எண்ணுக்கு அவளே போன் போட்டாள்.

கோமதிநாயகத்தின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

“எம் வீட்டுக்காரி மேடம். இங்கனதான் வேலை பார்த்தா. மாசியில தவறிட்டா” என்றார். “ரேஷன் கார்டுல பேரை எடுத்துட்டாங்க. வோட்டர் லிஸ்ட்டுலயும் எடுத்துட்டாங்க. இங்கன மட்டுந்தான் அவ வருவான்னு ஏதோ ஒண்ணு காத்துக்கிட்டுக் கெடக்கு.”

“இருக்கட்டும் சார்” என்றாள் நிவேதா மெல்ல.

“இல்ல மேடம், பழம் வதங்குதுல்லா.”

அந்தப் படியை அவரே நீக்கினார். அவளுக்காக நின்றிருந்த பதினோரு லோடுகளும் ஒரே நொடியில் நகர்ந்தன.