லில்லிப் பூவா, மயில்கண்ணா?

1958 பிப்ரவரி. ஊர்வே மூன்றாவது முறையாகப் பின்னலை உருவிப் பிரித்தாள். ஹாப்சாலு ஊரில் லேஸ் சால்வைக்குப் பேர்போன அந்தக் கை, ஒரு வாரமாக எதிலும் நிலைகொள்ளவில்லை.

தாலின் நகரத்திலிருந்து வந்திருந்த மகள் மெய்லியும் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தாள். சொல்ல வந்தது வாயில் வரவில்லை.

"நீயே சொல்லுடி, அடுத்த சால்வைக்கு என்ன டிசைன், லில்லிப் பூவா, மயில்கண்ணா?"

"ஏதாவது போடும்மா."

"லில்லின்னா கல்யாணப் பொண்ணுக்கு. மாசக்கணக்குல ஆகும், இப்பவே ஆரம்பிக்கணும்."

"நம்ம வீட்ல யாருக்குக் கல்யாணம்?" மெய்லி நடையை நிறுத்தினாள். "அம்மா... குழந்தைக்கு ஒண்ணு பின்னு. எனக்கு மூணு மாசம்."

சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று சுவரைப் பார்த்து நின்றாள்.

ஊர்வே அலமாரியைத் திறந்து, காகிதத்தில் சுற்றிய சின்ன வெள்ளைச் சால்வையை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

"அதைப் போன வாரமே முடிச்சாச்சு. போன தடவை வந்தப்ப, புகைபோட்ட மீனைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கிட்டு ஓடினியே, அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏம்மா இப்படித் தவிக்கிறே?"

"அந்த ரெய்ன் பய உன்னைக் கட்டிக்கப் போறானா இல்லையான்னு தெரியாம, அடுத்ததை எப்படிடி தொடங்குறது?"

மெய்லி அப்போதுதான் உட்கார்ந்தாள். "அவன் ரெண்டு தடவை கேட்டுட்டாம்மா. நீ என்ன சொல்வியோன்னு பயந்து, நான்தான் பதில் சொல்லலை."

ஊர்வே வெள்ளை நூலை ஊசியில் ஏற்ற ஆரம்பித்தாள்.

"தபாலாபீஸ் மூடறதுக்குள்ள போய் அவனுக்குத் தந்தி அடிடி, கழுதை!"