பாதி டீ

"மூணு மணிக்குக் கரண்டு போயிடும்க்கா. யூ.பி.எஸ். பேட்டரியும் செத்துக் கெடக்குது. சீக்கிரம் முடிங்க" என்றான் நெட் சென்டர் கிளமெண்ட்.

ஜோஸ்பின் சேலைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மவுஸைப் பிடித்தாள்.

இன்று பரீட்சை.

பாஸ் செய்தால் முதியோர் இல்லத்தில் ஆயா வேலை நிரந்தரம் என்று இல்லத்தை நடத்தும் மதர் சொல்லியிருந்தார். ஃபெயில் என்றால் மறுபடியும் பெண்ணாடம் பஸ் பிடித்து, கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை உரிக்கத்தான் போக வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் கனகா. அவளும் அதே இல்லத்தில் ஆயாதான். போன வாரமே பாஸ் செய்துவிட்ட தெம்பில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"சாமிதுரைத் தாத்தாவக் குளிப்பாட்டறப்பக்கூட இப்புடிப் பயப்படலியேக்கா நீ!"

"சும்மா கெடடி."

இது நடந்தது இரண்டாயிரத்து எட்டில். செல்போன் பேசுவதற்கு மட்டுமே என்றிருந்த காலம். கம்ப்யூட்டர் என்றால் ஜங்ஷன் ரோட்டில் இந்த நெட் சென்டர்தான். சூடான மானிட்டர், ஊதுபத்தி, பக்கத்துக் கடை வடை எல்லாம் கலந்து ஒரு வாசனை. லைன் கிடைக்கும்போது தண்ணீருக்குள் குமிழி உடைவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டாலே ஜோஸ்பின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள்.

யாருக்கு என்ன மாத்திரை, யார் சாப்பிட்டார், யாருக்கு என்ன பழக்கம். இதையெல்லாம் எக்செல்லில் ஏற்ற ஆயாக்களுக்கு ஆன்லைனில் பயிற்சி. செலவு முழுவதும் லண்டனில் இருக்கும் ஒரு டிரஸ்ட்டுடையது.

எத்தனையோ இல்லங்கள் இருக்க, விருத்தாசலத்தில் இருக்கும் இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பாடம் எடுத்தவர் ஜூடு சார். டிரஸ்ட்டே அவருடையதுதான் என்று பேச்சு. ஸ்பீக்கரில் குரல் மட்டும்தான் வரும். கேமரா ரிப்பேர் என்பார். ஆறு மாதமாக ரிப்பேர்.

முதல் நாளே அவர் ஒரு விதி சொன்னார். இல்லத்தில் இருப்பவர்களை எண்ணால் மட்டுமே குறிக்க வேண்டும். யார் என்று வெளி ஆளுக்குத் தெரியும்படி ஒரு வார்த்தை சொன்னாலும் ஃபெயில். சொன்னபடியே செய்தும் காட்டினார். பரீட்சையில் இன்னொரு ஆயா தங்கம்மாளிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்து, ஒரு பாட்டியின் ஊரைச் சொல்ல வைத்து, அங்கேயே ஃபெயில் போட்டார்.

குமிழி உடைந்தது.

"சொல்லுங்கள் ஜோஸ்பின். யாராவது ஒருவரைப் பற்றி" என்றது குரல்.

ஜோஸ்பின் தான் எழுதி வைத்திருந்ததைத் திரையில் பார்த்துப் படித்தாள்.

"எண் ஏழு. பெண். பிரஷர் உண்டு, சர்க்கரை இல்லை. இடது காது கேட்காது. பார்க்க வந்தவர்கள், யாரும் இல்லை. பழக்கம், காலை டீயில் பாதிதான் குடிப்பார். மீதியை மூடி வைப்பார். யாரையும் தொட விடமாட்டார்."



கிளமெண்ட் எழுந்து வந்து வயரை அசைத்துப் பார்த்தான். லைன் இருந்தது.

"எந்த மாதிரி கப்பு?" என்றார் சார், மெதுவாக.

ஜோஸ்பின் யோசித்தாள். இதைச் சொல்லலாமா? சொல்லலாம். உள்ளூர் செராமிக் கம்பெனியில் கழித்துப் போட்ட கோணல் கப்பு இந்த ஊரில் எந்த வீட்டில்தான் இல்லை?

"பீங்கான் கப்பு சார். கொஞ்சம் கோணலா இருக்கும்."

பிறகு வந்த குரல் இத்தனை நாள் பாடம் எடுத்த குரலாக இல்லை. யாரோ இந்த ஊர்க்காரர் சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்கு நின்றபடி பேசுவது போல இருந்தது.

"கோணக் கப்புல எந்த மூடியும் குந்தாதே... காலண்டர் தாளக் கிழிச்சித்தானே மூடுவாங்க?"

கனகா ஜோஸ்பினின் தொடையைக் கிள்ளினாள். காதோரம் குனிந்து, "பதில் சொல்லாதக்கா. வாயப் புடுங்குறாரு. தங்கம்மா மாட்டுனா மாதிரி மாட்டிக்காத" என்று கிசுகிசுத்தாள்.

ஜோஸ்பின் திரையைப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

காலண்டர் தாள் அதில் எங்கேயும் இல்லை. அவள் எழுதவே இல்லை.

தினமும் காலையில் அந்த எண் ஏழு, இஞ்ஞாசியம்மாள், சர்ச் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழிப்பார். பாதி டீயின் மேல் போட்டு, விளிம்பைச் சுற்றி விரலால் அழுத்துவார். யாருக்கும்மா என்று கேட்டால், "ஸ்கூலுக்குப் போற புள்ள வெறும் வயித்தோடவா போவும்?" என்பார். வயசாகிவிட்டது, ஏதோ சொல்கிறார் என்று ஜோஸ்பினும் விட்டுவிடுவாள். இருட்டும்போது அவளே அந்த டீயைக் கொட்டிவிட்டுக் கப்பைக் கழுவி வைப்பாள்.

"சார்... இது பரீட்சைக் கேள்விங்களா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"மூணாவப் போவுதுக்கா" என்றான் கிளமெண்ட்.

பெண்ணாடம் பஸ் ஒரு முறை ஜோஸ்பின் கண் முன்னால் வந்து நின்றது. கனகா இன்னொரு முறை கிள்ளினாள்.

ஜோஸ்பின் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"ஆமாங்க சார், காலண்டர் தாளுதான். இன்னிக்கும் மூடி வச்சிருக்காங்க. ஆறிப்போயிருக்கும். ஆனா இன்னும் நான் கீழ ஊத்தல."